கால்வீக்கமும் கைமருந்தும்

இம்மலருக்குத் தமிழாசிரியரிடமிருந்து கந்தபுராணத்தைப் பற்றியோ சங்க இலக்கியத்தைப் பற்றியோ ஒரு கட்டுரை வருமென்று மலர்க்குழுவினர் எதிர்பார்த்திருப்பர். யாமோ காலைப் பற்றி எழுதப் புகுந்துள்ளோம். கரும்பலகைக்கும் மாணாக்கருக்கும் நடுவே நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் நின்று பிழைக்கும் தொழிலினர்க்குக் காலினும் நெருங்கிய பொருள் வேறில்லை. பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் முன்வரிசையில் அமரும் பெரியோர் சிலர், கூட்டம் கலையும்போது, கழற்றி வைத்த சப்பாத்தினுள் கால் புகாமல் இடர்ப்படுவதை யாம் கண்டதுண்டு. யாம் மருத்துவம் கற்றவரல்லேம். படித்தும், கேட்டும், பட்டும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகின்றோம்.

முதற்கண் ஒரு சொல்லைச் செப்பஞ் செய்தல் வேண்டும். கெண்டைக்காலில் நீல நிறத்தில் புடைத்து நெளிந்து கிடப்பதை நம்மவர் 'நரம்பு சுருண்டுவிட்டது' என்பர். நரம்பு என்பது உணர்ச்சியைக் கொண்டு செல்வது. அஃது அங்ஙனம் புடைப்பதன்று. புடைப்பது நாளம், அஃதாவது, உடலெங்கும் சென்ற குருதியை இதயத்துக்கு மீட்டுக் கொண்டுவரும் குழாய். இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்வது நாடி. சொல் பிழைத்தால் என்ன குறை என்று கேட்பார் உளர். குறை உண்டு. நரம்பு என்று பெயரிட்டமையால், நரம்புக்குரிய வைற்றமின் குளிசையையும் நரம்புத் தைலத்தையும் ஆண்டுக்கணக்காக வாங்கி, நாளத்துக்கு ஒன்றும் செய்யாது விட்டவர்கள் எம் ஊரிலேயே பலர். 1847 ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மேல்நாட்டு உடற்கூற்று நூலைத் தமிழாக்கியதோடு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கவும் துணிந்தார். நம் கல்லூரியோடு தொடர்புடைய விபுலாநந்த அடிகள் 1936 இல் சென்னையில் கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இவர்கள் உழைத்தது சொல் அழகுக்காக மட்டுமன்று.

மற்றொரு சொல்லும் உண்டு. நாட்டு வைத்தியர் உடல் வீக்கத்தைச் 'சோபை' என்பர். இலக்கியம் பயின்ற மாணாக்கன் சோபை என்றால் அழகு என்று பொருள் எழுதுவான். இரண்டும் வடமொழியில் வெவ்வேறு சொற்கள். தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. வீங்கிய முகத்தைப் பார்த்து 'நல்ல சதை பிடித்திருக்கிறீர்கள்' என்று மகிழும் வழக்கம் நம்மிடம் இருக்கும்வரையில், இந்த மயக்கம் அகராதியோடு நின்றுவிடுவதன்று.

இனி, கால் ஏன் வீங்குகின்றது என்பதைப் பார்ப்போம். இதயம் தள்ளிய குருதி பாதம் வரை எளிதில் இறங்கும், ஏறுவதே அரிது. மனிதன் நான்கு காலில் நடவாமல் நிமிர்ந்து நின்றமையால் வந்த தொல்லை இது. அசையாது நிற்பவனுடைய கணுக்கால் நாளத்தில் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீற்றர் இரசம் ஆகும். அவன் நடக்கத் தொடங்கினால், ஒவ்வோர் அடியிலும் கெண்டைத் தசை இறுகி நாளத்தைப் பிழிய, குருதி மேலே செல்லும். அழுத்தம் 30 க்கும் கீழே இறங்கும். பிழிந்த குருதி மீண்டும் கீழே விழாதபடி நாளத்தினுள்ளே சிறு சிறு வால்வுகள் உள்ளன. அவை மேனோக்கி மட்டும் திறக்கும் ஒருவழிக் கதவுகள். இத்தாலியின் பதுவா நகரில் கற்பித்த பப்ரீசியசு 1603 இல் இக்கதவுகளை விரித்து எழுதினார். அவருடைய மாணவரான வில்லியம் ஹார்வி, 1628 இல் வெளியிட்ட நூலில், அவற்றின் பயனை உலகுக்கு விளக்கினார். ஆசிரியர் கதவைக் கண்டார். அது ஏன் என்று மாணாக்கர் கண்டார். ஆசிரியத் தொழிலில் இதனைவிடப் பெரிய பேறு எது?

ஹார்வி செய்து காட்டியதை நம் மாணாக்கரும் வகுப்பிலே செய்யலாம். மேற்கையில் ஒரு துணியை, நாளம் எழும்பும் அளவுக்கு மட்டும், கட்டுக. முன்கையில் நாளங்கள் தோன்றும். இடையிடையே சிறு கணுக்கள் தெரியும். அவையே வால்வுகள் உள்ள இடங்கள். ஒரு விரலால் நாளத்தை அழுத்திப் பிடித்து, மறுவிரலால் அவ்விடத்திலிருந்து முழங்கை நோக்கி, அடுத்த கணுவைக் கடக்குமட்டும் குருதியை வழித்து விடுக. வழித்த பகுதி தட்டையாய்க் கிடக்கும். மேலேயுள்ள குருதி அதற்குள் திரும்பாது. முதல் விரலை எடுத்ததும் கீழிருந்து குபுக்கென நிரம்பும். உடனே கட்டை அவிழ்த்துவிடுக. இரண்டு நிமிடத்துப் பாடம். ஆயினும் எழுபது வயது வரைக்கும் மறவாத பாடம்.

இக்கதவுகள் பழுதடைந்தால் குருதி கீழே தேங்கும், நாளம் புடைக்கும், நீர் கசிந்து கணுக்கால் வீங்கும். காலையில் வற்றி மாலையில் பெருகுவது இதன் இயல்பு. நாள் செல்லச் செல்லக் கணுக்காலின் உட்புறத்தோல் கபிலநிறமாகித் தடிக்கும். பின்பு ஒரு சிறு கீறல் ஆறாப் புண்ணாகும். பரம்பரை, பிள்ளைப்பேறு, உடற்பருமன், நெடுநேரம் நிற்றல் என்பன காரணங்கள். ஆசிரியர், கரைவலை இழுப்போர், கடைச் சிப்பந்திகள், தலைமயிர் வெட்டுவோர், அடுப்படியில் நிற்கும் பெண்கள் ஆகியோர் இதற்கு எளிதில் ஆளாவர்.

குருதிக்குழாய்களன்றி நிணநீர்க் குழாய்களும் காலில் உள்ளன. அவை அடைபட்டால் வரும் வீக்கம் வேறு. காலின் இரண்டாம் விரலின் அடியில் தோலைக் கிள்ளி மடித்துப் பாருங்கள். மடிப்பு எழாது தடித்திருப்பின் நிணநீர் வீக்கமென ஐயுறலாம். யானைக்கால் இவ்வகையினது. நுளம்பினால் பரவும் நூல்போன்ற புழு நிணநீர்க் குழாயில் குடியிருப்பதால் அது விளைகின்றது. மலையாளக் கரையில் அது மிகுந்திருந்தமையால் ஆங்கிலேயர் அதனைக் கொச்சிக்கால் என்றே அழைத்தனர். இலங்கையில் புத்தளம், குருநாகல் முதல் அம்பாந்தோட்டை வரையுள்ள எட்டு மாவட்டங்களில் அது வேரூன்றியிருந்தது. தேங்காய்மட்டை ஊறவைக்கும் குழிகளும் கழிவுநீரும் அங்கு நுளம்பை வளர்த்தன. 1947 இல் தொடங்கிய யானைக்கால் ஒழிப்பு இயக்கம் பல்லாண்டு உழைத்தது. 2002 முதல் 2006 வரை ஆண்டுக்கொருமுறை அம்மாவட்டத்து மக்களனைவர்க்கும் மருந்து வழங்கப்பட்டது. 2016 இல், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அந்நோய் நீங்கிவிட்டதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. திருகோணமலை அவ்வெட்டு மாவட்டங்களுள் ஒன்றன்று. ஆதலின், எம் அயலில் வீங்கிய கால் ஒன்றைக் கண்டவுடன் 'யானைக்கால்' என்று பெயர் சூட்டி, அந்த வீட்டுப் பெண்ணின் கலியாணப் பேச்சை நிறுத்திவிடுவது அறியாமை, கொடுமையுமாகும்.

நிற்க. வீக்கமெல்லாம் காலின் குற்றமன்று என்பதே யாம் அழுத்திக் கூற விழையும் செய்தி. இரண்டு கால்களும் ஒருங்கே வீங்கி, முகமும் அதைத்து, மூச்சு வாங்கி, அல்லது சிறுநீர் குறைந்தால் இதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றுள் ஒன்று பழுது என்று கொள்ளல் வேண்டும். அயலிலுள்ள வடமத்திய மாகாணத்து உழவரிடையே 1990களிலிருந்து சிறுநீரக நோய் பரவி வருவதை யாவரும் அறிவர். அத்தகையவர்க்கு நீர்முள்ளிக் கஷாயமும் நெருஞ்சிற் கஷாயமும் கொடுத்து, 'நீர் இறங்கிவிடும்' என்று மாதக்கணக்கில் காத்திருப்பது கெடுதியாகும். நீர்முள்ளி நல்ல மூலிகைதான். ஆயினும் வால்வு பழுதான கால் வீக்கத்துக்கு நீரிறக்கும் மருந்து பொருந்தாது. சிறுநீரகம் பழுதானவர்க்கோ எந்தக் கஷாயமும் சோதியாமல் கொடுக்கத்தக்கதன்று. மேலும், குருதியழுத்தத்துக்கு இன்று பலரும் உட்கொள்ளும் அம்லோடிப்பின் என்ற குளிசையும் கணுக்காலை வீங்கச் செய்யும். அதனைத் தாமாக நிறுத்தாது வைத்தியரிடம் சொன்னாற் போதும், மாற்றித் தருவர்.

இன்னும் ஒன்று. இதனை எழுதக் கை தயங்குகின்றது. எம் பெரிய தாயார் இடுப்பெலும்பு முறிந்து நாலு வாரம் படுக்கையிற் கிடந்தார். ஒரு நாள் இடக்காலின் கெண்டை மட்டும் வீங்கிச் சூடாயிற்று, தொட்டால் நொந்தது. 'வாதம் இறங்கியிருக்கிறது, நீவி விடு தம்பி' என்றார் அவர். நல்லெண்ணெயில் உள்ளி இட்டுக் காய்ச்சி இரண்டு இரவு நீவினோம். மூன்றாம் நாள் விடியற்காலை மூச்சு முட்டியது. வைத்தியசாலை வாயிலை அடையுமுன் உயிர் பிரிந்தது. காலின் ஆழ்நாளத்தில் உறைந்த குருதிக்கட்டி பெயர்ந்து சுவாசப்பையை அடைத்ததெனப் பின்னர் அறிந்தோம். நீவியதனாலேயே பெயர்ந்தது என்று எவரும் சொல்லவில்லை, சொல்லவும் இயலாது. ஆனால் அந்த இரண்டு நாளில் அவரை வைத்தியரிடம் கொண்டு சென்றிருக்கலாம். ஒரு காலில் மட்டும் திடீரென வீக்கமும் நோவும் சூடும் வந்தால், அதிலும் படுக்கையிற் கிடந்தவர், பிள்ளை பெற்றவர், சத்திரசிகிச்சை செய்தவர், கொழும்பிலிருந்து இரவு முழுதும் புகைவண்டியில் காலைத் தொங்கவிட்டு வந்தவர் ஆகியோர்க்கு வந்தால், எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றாதீர்கள். அன்றே வைத்தியசாலைக்குச் செல்க.

இவற்றை விலக்கியபின் எஞ்சுவது நாட்பட்ட நாளவீக்கமும் நிணநீர் வீக்கமும். இவற்றுக்கு நம் நாட்டு மருந்துகள் எவ்வளவு உதவும்?

வல்லாரையை முதலிற் சொல்லலாம். நினைவாற்றலுக்கென மாணாக்கருக்கு ஊட்டப்படும் இக்கீரையின் சாரத்தை ஐரோப்பிய ஆய்வாளர் நாளநோய்க்குக் கொடுத்துப் பார்த்தனர். காலின் பாரமும் வீக்கமும் ஓரளவு குறைந்ததென அவர்கள் கண்டனர். ஆயினும் அவை சிறிய ஆய்வுகள். கொடுத்ததும் அளவிட்டுப் பிரித்தெடுத்த சாரமே. நாம் உண்ணும் வல்லாரைச் சம்பலுக்கு அந்தப் பலன் உண்டென்று சொல்லத் துணியோம். சோற்றோடு சுவையாக உண்போம், அவ்வளவே. மேல்நாட்டார் போற்றும் குதிரைக் கஷ்கொட்டையின் சாரமும் இவ்வாறே சில காலத்துக்கு வீக்கத்தைக் குறைக்கின்றது. பதப்படுத்தாத அதன் கொட்டையோ நஞ்சு. அது நம் மண்ணின் மரமன்று; அதனைப் பற்றி இவ்வளவு போதும்.

நொச்சியிலை ஒத்தடம் மூட்டு நோவுக்கு இதமானது. ஆனால் சூடு நாளத்தை விரிவிக்கும். தேங்கிய காலுக்கு ஆகாது. கன்னியா வெந்நீரூற்றைப் பற்றியும் இதனையே சொல்ல வேண்டியிருக்கின்றது. வேறுவேறு சூடுடைய அவ்வேழு கிணறுகளும் எம் ஊருக்கு அயலிலுள்ளன. இராவணன் தன் தாய்க்குக் கருமம் ஆற்றிய இடமென்ற ஐதீகமும் உடையன. அங்கு நீராடுவது புண்ணியம். உடம்பு நோவுக்கும் நன்று. வீங்கிய காலோடு செல்பவர் தலைக்கு வார்த்துக்கொண்டு வரட்டும். வெந்நீரைக் காலுக்கு மீண்டும் மீண்டும் வாரார் ஆகுக. கொடிவேலி வேரை அரைத்துப் பூசுவது தோலைக் கொப்புளிக்கச் செய்யும். வீங்கிய காலில் கொப்புளம் புண்ணாவதற்கு நெடுநாள் வேண்டியதில்லை. அட்டை விடுவதும் தோலைத் துளைப்பதே. தோல் உடையாமற் காப்பதே இந்நோயின் முதல் விதி. அவ்விதிக்கு மாறான மருந்து எவ்வளவு பழமையானதாயினும் விலக்கத்தக்கது. செகராசசேகரமும் பரராசசேகரமும் தோன்றிய ஈழத்தில் நாட்டு மருத்துவத்தை இழித்துரைக்க யாம் வரவில்லை. எம் அயலில், கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில், சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றது. ஐயமுள்ளவர் கற்றவரை அணுகுக. சந்தைத் தைலக்காரரை அணுகற்க.

நாட்டு மருத்துவமும் மேல்நாட்டு மருத்துவமும் கைகோத்து வென்ற இடம் ஒன்று உண்டு. கேரளத்தின் வடகோடியிலுள்ள காசர்கோட்டில் 1999 இல் தோன்றிய பயன்முறைத் தோலியல் நிறுவனம் அது. டாக்டர் எஸ். ஆர். நரஹரியும், ஒக்ஸ்போர்டைச் சேர்ந்த பேராசிரியர் ரெரன்ஸ் றயனும் அங்கு யானைக்கால் நோயாளர்க்கு ஒரு முறையை வகுத்தனர். காலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி உலர்த்துதல். மூலிகைக் குடிநீரில் ஊறவைத்தல். யோகாசனமும் மூச்சுப் பயிற்சியும். கையால் மேனோக்கி மெல்ல நீவுதல். விரலடியிலிருந்து கட்டுத்துணி சுற்றுதல். கிருமித் தொற்றுக்கு மேல்நாட்டு மருந்து. இதனை நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் கற்பித்து அனுப்பினர். கால்களின் பருமன் குறைந்தது. அடிக்கடி வந்த காய்ச்சலும் குறைந்தது. பின்பு குல்பர்கா, ஆலப்புழை முதலிய இடங்களிலும் ஊர்ப்புறத்தார்க்கு இதனைக் கற்பித்தனர்.

இம்முறையில் மூலிகைக்கு எவ்வளவு பங்கு, கழுவுதற்கும் கட்டுக்கும் எவ்வளவு பங்கு என்று பிரித்தல் எளிதன்று. எம் கருத்தைக் கேட்பின், பெரும்பங்கு கைக்கே உரியது என்போம். வீட்டு வைத்தியத்தைத் தமிழர் கைமருந்து என்றனர். கையிலுள்ள மருந்து என்று நாம் பொருள் கொள்கின்றோம். இந்நோயைப் பொறுத்தவரை கையே மருந்து என்று கொள்ளினும் பிழையில்லை. நாள்தோறும் செய்யும் கைவேலையைச் சலிப்பின்றிச் செய்யாதவனுக்கு எந்த மூலிகையும் உதவாது.

அந்தக் கைவேலையைச் சிறிது விரித்துரைப்போம். இரவில் கால்களைச் சவர்க்காரமும் குளிர்ந்த நீருமிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். கோயில் வாயிலில் கால் கழுவுகின்ற நாம் விரலிடுக்கைத் துடைப்பதில்லை. அங்கே வரும் சேற்றுப்புண்தான் கிருமி நுழையும் வாயில். கிருமி புகுந்தால் குளிர்காய்ச்சலோடு கால் சிவந்து வீங்கும். ஒவ்வொரு முறையும் நிணநீர்க் குழாய் மேலும் சிதையும். உலர்ந்த தோலுக்குச் சிறிது தேங்காயெண்ணெய் பூசலாம். இஃது ஒன்றே யாம் எண்ணெய்க்குத் தரும் இடம். விரலிடுக்கில் எண்ணெய் வேண்டாம்.

பகலில் மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி முதல் அரை மணி நேரம், காலை இதயத்தினும் உயர்த்திப் படுத்தல் வேண்டும். சாய்மனைக் கதிரையின் நீண்ட கைகளில் காலைப் போட்டுக்கொண்டு பத்திரிகை படிக்கும் பெரியோர் 'இதைத்தானே செய்கிறோம்' என்பர். அங்கே கால் இதயத்தின் மட்டத்துக்கு வருவதே அரிது. கட்டிலின் கால்மாட்டில் இரண்டு செங்கல் வைத்தல் மேல். இதயநோயினால் மூச்சு வாங்குபவர் வைத்தியரைக் கேளாது இதனைச் செய்யற்க. நிற்கும் தொழிலினர் வகுப்பில் உலாவலாம். உலாவ இடமில்லையேல் குதிகாலை உயர்த்தித் தாழ்த்தலாம். எமது வகுப்பில் பின்வரிசை மாணாக்கர் இப்போது கண்ணயர்வதில்லை. அவர்கட்கு அதன் காரணம் தெரியாது.

கட்டு, இவை எல்லாவற்றிலும் வலியது. காலையில் படுக்கையை விட்டு எழுமுன், விரலடி தொடங்கி முழங்காலின் கீழ் வரை, அடியில் இறுக்கமும் மேலே தளர்வுமாகச் சுற்றல் வேண்டும். அல்லது அதற்கென விற்கும் இழுபடு காலுறையை அணிதல் வேண்டும். பழைய வேட்டிக் கிழிசல் இழுபடாது. மேலே இறுகிக் கயிறு கட்டியது போலாகும். நீரிழிவுக்காரரும், புகைபிடிப்போரும், பாதம் குளிர்ந்து கிடப்போரும் முதலில் நாடியின் ஓட்டத்தைச் சோதித்தறிய வேண்டும். நாடி அடைபட்ட காலை இறுகக் கட்டினால் கால் அழுகும்.

இயற்கை நமக்குத் தந்த கட்டு ஒன்றும் உண்டு, அது கடல். ஒரு மீற்றர் ஆழத்தில் கடல்நீர் காலை ஏறத்தாழ 75 மில்லிமீற்றர் இரச அளவுக்கு அழுத்தும். மேலே வர வர அழுத்தம் குறையும். கைதேர்ந்த தாதி சுற்றும் கட்டும் இவ்வாறே கீழே இறுகி மேலே தளரும். சோளகக் காலத்தில் எம் கரைக்கடல் அடங்கியிருக்கும் காலைகளில், இடுப்பளவு நீரில் அரைமணி நேரம் நடப்பது வீங்கிய காலுக்கு மிக நன்று, செலவுமில்லை. காலில் வெடிப்போ புண்ணோ உள்ளவர் இறங்கலாகாது. கடல்நீரிலும் கொடிய கிருமிகள் உண்டு. வாடைக்காற்று வீசும் மாதங்களில் எவரும் இறங்க வேண்டாம்.

எம் அயலில் கரைவலை இழுத்து வாழ்ந்த ஒருவருக்கு இடது கணுக்காலின் உட்புறத்தில் நாலாண்டாக ஆறாத புண் இருந்தது. அடுப்புச் சாம்பலை எண்ணெயிற் குழைத்துப் பூசிவந்தார். சாம்பல்தீவில் இருந்துகொண்டு சாம்பலை வெறுத்துப் பேசுவது முறையன்றுதான்; ஆயினும் திறந்த புண்ணில் சாம்பலிடுவது ஏற்புவலியை அழைத்து வரும். இதனை யாம் சொன்னபோது, 'மாஸ்ரர், இது எங்கட அப்பருக்கும் இருந்தது. வாதநீர் வடியுது, அடைக்கக்கூடாது' என்றார். அவர் மனைவியோ மறுநாளே அவரைச் சிகிச்சை நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். புண்ணைக் கழுவி, நாடியைச் சோதித்து, வாரந்தோறும் கட்டுச் சுற்றினர். முதல் மாதத்தில் மாற்றமில்லை. இரண்டு முறை கட்டை அவிழ்த்தெறிந்தார். இரண்டு முறையும் அம்மையாரே மீண்டும் சுற்றினார். சுற்றும் விதத்தைத் தாதியின் கையைப் பார்த்தே பழகிக்கொண்டிருந்தார். ஏழாம் மாதத்தில் புண் மூடியது. வலை இழுக்க அவர் இப்போது போவதில்லை. வாங்கின்மேல் காலை நீட்டி, கீழே இரண்டு தலையணை வைத்துக்கொண்டு, ஊராரின் வலைகளைப் பொத்திக் கொடுக்கின்றார்.